ராத்திரித் தூக்கத்துக்கு வழி காலையில் இருக்கிறது

கேள்வி கேட்டவரின் நிலைமையை முதலில் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன்; இதே சிக்கலோடு படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். அவருக்கு வயது 46. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரவு 9 மணிக்குக் கடையை அடைத்து, வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, 10 மணிக்கே படுத்துவிடுகிறார். தூக்கம் வர 12.30 ஆகிறது. 3 மணிக்கு முழிப்பு. 4.30 வரை புரண்டு படுத்துவிட்டு, அப்புறம் 6.30 வரை ஒரு தூக்கம். மதியம் கடையின் உள்ளறையில் ஒரு மணி நேரம் கண் அசருகிறார். ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்குத்தான் எழுந்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஐந்து டீ, கடைசி டீ சாயங்காலம் 7 மணிக்கு. நடுவில் ஒரு மாதம் தூக்க மாத்திரை சாப்பிட்டபோது நன்றாகத் தூங்கினார். நிறுத்தியதும் பழைய கதை. வீட்டில் ஒரே படுக்கையறை, மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான் படுக்கிறார்கள். “மாத்திரை இல்லாமல் விடியும்வரை தூங்க என்ன பழக்கம் வேண்டும்?” என்று கேட்கிறார்.

நான் பொது மருத்துவர். தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவதற்கென்றே வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்றது அந்த 10 மணியில்தான். டீயைப் பற்றிப் பிறகு பேசலாம். நீங்கள் உண்மையில் தூங்குவது 12.30 முதல் 3 வரை இரண்டரை மணி நேரம், 4.30 முதல் 6.30 வரை இரண்டு மணி நேரம். மொத்தம் நாலரை. ஆனால் கட்டிலில் இருப்பது எட்டரை மணி நேரம். மீதி நாலு மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு, ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, “இன்றைக்கும் வராதோ” என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறீர்கள். மாதத்துக்கு 120 மணி நேரம். இப்படி மாதக்கணக்கில் நடந்தால் உடம்பு கட்டிலை விழித்திருக்கும் இடமாகவே பழகிக்கொள்ளும். சோபாவில் டிவி பார்க்கும்போது சொக்கிக்கொண்டு வருகிறது, எழுந்து போய்த் தலையணையில் தலை வைத்ததும் பளிச்சென்று முழிப்பு வந்துவிடுகிறது என்று பலர் சொல்வார்கள். இந்தப் பழக்கம்தான் அதற்குக் காரணம்.

“சீக்கிரம் படுத்தால் கொஞ்சமாவது கூடக் கிடைக்குமே” என்றுதான் எல்லோரும் 10 மணிக்குப் படுக்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் படுக்கும் நேரம் நம் கையில் இருக்கிறது, தூங்கும் நேரம் நம் கையில் இல்லை. நம் கையில் உறுதியாக இருப்பது ஒன்றே ஒன்று: காலையில் எழுந்திருக்கும் நேரம். முழு ராத்திரித் தூக்கத்தை அங்கிருந்துதான் கட்டி எழுப்ப வேண்டும்.

ஏன் என்பதை உடம்பின் கணக்கை வைத்துச் சொல்கிறேன். அலெக்சாண்டர் போர்பெலி என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 1982-ல் விளக்கிய முறை இது. இன்றும் தூக்க மருத்துவம் இதை வைத்துத்தான் பேசுகிறது. நமக்குள் இரண்டு விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று, தூக்கப் பசி. கண் விழித்த நொடியிலிருந்து மூளையில் அடினோசின் என்ற பொருள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருகிறது. எவ்வளவு நேரம் விழித்திருக்கிறோமோ அவ்வளவு பசி. இன்னொன்று, உள்ளே ஓடும் கடிகாரம். எப்போது உடம்புச் சூடு இறங்க வேண்டும், எப்போது மெலட்டோனின் என்ற ராத்திரி ஹார்மோன் சுரக்க வேண்டும் என்பதெல்லாம் அதன் பொறுப்பு. இந்தக் கடிகாரம் மனிதர்களுக்குச் சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் தினமும் யாராவது அதைத் திருத்தி வைக்க வேண்டும். திருத்தி வைப்பது காலை வெளிச்சம்.

இப்போது உங்கள் ஞாயிற்றுக்கிழமையைப் பாருங்கள். 9 மணிக்கு எழுந்திருக்கிறீர்கள். அன்று இரவு 10 மணிக்குப் படுக்கும்போது தூக்கப் பசி வழக்கத்தைவிட இரண்டரை மணி நேரம் குறைவாகச் சேர்ந்திருக்கும். கடிகாரமும் பின்னால் தள்ளிப் போயிருக்கும். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது கண் எரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது இதனால்தான்.

மதியத் தூக்கமும் அப்படித்தான். சாயங்காலம் நாலு பஜ்ஜி தின்றவனுக்கு ராத்திரிச் சாப்பாடு எப்படி இறங்காதோ அப்படி. நன்றாகத் தூங்குகிறவர்கள் மதியம் கண் அசரலாம், அதில் தப்பு இல்லை. ராத்திரி தூங்க முடியாதவர்கள் ஆறு வாரத்துக்காவது அதை விட்டுவிட வேண்டும். சாப்பிட்டதும் கண்ணைச் சுழற்றினால் கடை வாசலுக்கு வந்து நில்லுங்கள், யாரிடமாவது பேசுங்கள். முடியவே இல்லை என்றால் 3 மணிக்கு முன்னால் 20 நிமிடம், அலாரம் வைத்துக்கொண்டு.

சரி, செய்ய வேண்டியது என்ன? காலை 6 மணி என்று முடிவு செய்யுங்கள். ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் 6 மணிக்கு எழுந்திருக்க வேண்டும். ஞாயிறு, பண்டிகை, முந்தின நாள் கல்யாண வீட்டுக்குப் போய் லேட்டாக வந்தது, எதுவும் கணக்கில்லை. எழுந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ போய் அரை மணி நேரம் நடங்கள். வீட்டுக்குள் டியூப்லைட் போட்டுக்கொள்வது இதற்கு ஈடாகாது. லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு; டியூப்லைட் வெளிச்சம் சில நூறு லக்ஸ் இருந்தால் அதிகம். வெயில் ஏறிய காலையில் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். பார்ப்பதற்கென்று இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனியாகச் செல்கள் இருக்கின்றன. 2002-ல்தான் அவற்றைச் சரியாக அடையாளம் கண்டார்கள். அந்தச் செல்களுக்கு வேலை கொடுங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டியதில்லை, வெளியில் இருந்தாலே போதும்.

அடுத்ததுதான் கஷ்டமான பகுதி. படுக்கும் நேரத்தை 12.30-க்குத் தள்ளுங்கள். ஆமாம், தூக்கம் போதவில்லை என்று கேட்டவரிடம் இன்னும் தாமதமாகப் படுக்கச் சொல்கிறேன். கட்டிலில் இருக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவதுதான் நோக்கம். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவும் 1987-ல் வெளியிட்ட முறை இது. உங்களுக்கு 12.30 முதல் 6 வரை ஐந்தரை மணி நேரம். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் குறைக்கக் கூடாது. ஒரு வாரம் பார்த்து, படுத்திருக்கும் நேரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் தூங்குகிறீர்கள் என்றால் 15 நிமிடம் முன்னால் கொண்டுவருங்கள், 12.15. அடுத்த வாரமும் அப்படியே இருந்தால் 12 மணி. எழுந்திருக்கும் நேரத்தைத் தொடக் கூடாது.

முதல் பத்து நாள் பகலில் அசதியாக இருக்கும், சிடுசிடுப்பு வரும். அந்த நாட்களில் நெடுந்தூரம் வண்டி ஓட்டாதீர்கள். லாரி, பஸ் ஓட்டுகிறவர்கள், ஆபத்தான இயந்திரத்தில் நிற்கிறவர்கள், வலிப்பு நோய் உள்ளவர்கள், இருமுனைக் கோளாறு (மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்) உள்ளவர்கள் இதைத் தாங்களாகவே செய்யவே கூடாது. மருத்துவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டியதை ரிச்சர்டு பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-லேயே சொல்லிவிட்டார். தூக்கம் சொக்கிக்கொண்டு வரும்போதுதான் கட்டிலுக்குப் போக வேண்டும். படுத்து ஏறக்குறைய 20 நிமிடத்தில் தூங்கவில்லை என்று தோன்றினால் எழுந்து அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். மறுபடி சொக்கினால் போய்ப் படுக்கலாம். வரவில்லை என்றால் திரும்பவும் எழுந்திருக்க வேண்டும், எத்தனை தடவை ஆனாலும். கட்டிலில் சாப்பிடுவது, போன் பார்ப்பது, கணக்கு எழுதுவது எதுவும் வேண்டாம். தூக்கமும் தாம்பத்தியமும் மட்டும்.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவர், வயது ஐம்பதுக்கு மேல். ஒரே அறை வீடு. கட்டில்தான் அவருக்குக் கடை, மேஜை எல்லாம். கட்டிலில் உட்கார்ந்துதான் ஹெம்மிங் அடிப்பார், பாக்கி யார் யார் தர வேண்டும் என்று நோட்டுப் போடுவார், அங்கேயே சாப்பிடுவார், அங்கேயே படுப்பார். தலையணைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு ஊசி டப்பா. படுத்ததும் அவர் மனசு போவது யாருடைய ஜாக்கெட் நாளைக்குத் தர வேண்டும் என்பதில்தான். அவரிடம் முதலில் சொன்னது, வேலையைக் கட்டிலை விட்டு இறக்குங்கள் என்பதுதான். தரையில் பாய் போட்டு, சுவரோரமாக ஒரு ஸ்டூல் வைத்து, வேலை அங்கே. ஊசி டப்பா, நோட்டு எல்லாம் அந்த ஸ்டூலுக்குக் கீழே.

தூக்கத்தைக் குறித்து வையுங்கள் என்று சொன்னபோது அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தினசரி காலண்டரில் தாள் கிழிப்போம் இல்லையா, அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தார். படுத்தது, தூங்கினதாக நினைப்பது, எழுந்தது, டீ எத்தனை. கடிகாரத்தைப் பார்த்து எழுதவில்லை, காலையில் ஞாபகத்திலிருந்து உத்தேசமாக எழுதினார். அப்படித்தான் எழுத வேண்டும். ராத்திரி தூக்கம் வராமல் எழுந்திருக்கும்போது என்ன செய்வது என்று கேட்டார். கைக்கு வேலை இருக்க வேண்டும், மனசுக்கு இருக்கக் கூடாது என்றேன். பழைய பித்தான்கள் ஒரு பெரிய டப்பா நிறையக் கிடந்தது அவரிடம். ஜீரோ வாட் பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து அவற்றை அளவு பார்த்துப் பிரித்துப் போட்டார். முதல் வாரத் தாள்களில் நாலு தடவை, மூன்று தடவை எழுந்ததாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒரு தடவை. எட்டாம் வாரம் 11 மணிக்குப் படுத்து 5 மணிக்கு எழுந்துகொண்டிருந்தார், நடுவில் ஒரு தடவை பாத்ரூம் போய்விட்டு வந்து அப்படியே தூங்கிவிடுகிறார். பித்தான் டப்பா பாதி பிரிக்காமலே நிற்கிறது என்றார்.

உங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே அறையில் படுக்கிறார்கள், நடு ராத்திரியில் எழுந்து எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். ஹாலில் ஒரு நாற்காலி போதும். சாயங்காலமே போட்டு வையுங்கள், ராத்திரியில் இழுத்தால் சத்தம் வரும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், “என்ன, ஏன் உட்கார்ந்திருக்கீங்க” என்று அவர் பதறி எழுந்து வந்தால் இரண்டு பேர் தூக்கமும் போய்விடும். உங்களுக்குக் கை வேலை வேண்டுமென்றால் கடையிலிருந்து கலந்து கிடக்கும் ஸ்க்ரூ, வாஷர் எடுத்து வந்து பிரியுங்கள். கடைக் கணக்கு நோட்டை மட்டும் எடுக்காதீர்கள்.

3 மணி முழிப்பைப் பற்றிப் பயப்படுகிறீர்கள். ராத்திரியில் முழிப்பு வருவதே நோய் இல்லை. தூக்கம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் பாதியில் வந்துவிடும். பின்பாதியில் கனவுத் தூக்கமும் லேசான தூக்கமும்தான் அதிகம். சுற்று மாறும் இடத்தில் எல்லோருக்கும் லேசாக முழிப்பு வரும். நன்றாகத் தூங்குகிறவர் புரண்டு படுத்துவிட்டு அதை மறந்துவிடுகிறார். நீங்கள் போனை எடுத்து மணி பார்க்கிறீர்கள். 3.05 என்று தெரிந்ததும் “6.30-க்கு எழுந்திருக்க வேண்டும், இன்னும் மூன்றரை மணி நேரம்தான்” என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்தக் கணக்குதான் நெஞ்சைப் படபடக்க வைக்கிறது. போனை ஹாலில் வையுங்கள். அலாரத்துக்குப் பழைய டைம்பீஸ் ஒன்று வாங்கி அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். என்னைக் கேட்டால், போனால் வரும் கெடுதலில் பெரும்பகுதி அதன் நீல வெளிச்சத்தில் இல்லை. ஒன்று முடிந்ததும் இன்னொன்று என்று அது நம்மை விடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் கெடுதல்.

டீக்கு வருகிறேன். காஃபின் செய்வது அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. பசி குறைவதில்லை, பசி தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். உடம்புக்குள் போன காஃபினில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். சிலருக்கு இன்னும் அதிகம். 7 மணி டீயில் பாதி நடு ராத்திரி 12 மணிக்கும் உங்களுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். “எனக்கு காபி குடித்தாலும் தூக்கம் வரும்” என்கிறவர்கள் இருக்கிறார்கள். தூக்கம் வரும், ஆனால் ஆழம் குறையும். அது அவர்களுக்குத் தெரியாது. ஐந்து டீயை மூன்றாக்கி, கடைசி டீயை மதியம் 2 மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள். ஒரேயடியாக விட்டால் சில நாள் தலைவலி வரலாம், அதனால் ஒவ்வொன்றாகக் குறையுங்கள். சாயங்காலம் கையில் டம்ளர் இல்லாமல் இருக்க முடியாது என்றால் சுக்குமல்லிக் காபி குடியுங்கள், அதில் காபித்தூள் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் குடிப்பதாக எழுதவில்லை. ஆனால் படிக்கிறவர்களில் சிலர் தூக்கத்துக்காகவே கொஞ்சம் குடிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்: மது சீக்கிரம் தூங்கவைக்கும், பின்பாதித் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடும், குறட்டையையும் கூட்டும்.

சாப்பாட்டை 9.45-லிருந்து முன்னால் கொண்டுவர உங்களால் முடியாது என்று தெரிகிறது. பரவாயில்லை, இனி நீங்கள் 12.30-க்குத்தான் படுக்கப்போகிறீர்கள். பிற்பாடு படுக்கும் நேரம் 11-க்கு வரும்போது சாப்பாட்டை இரண்டாகப் பிரியுங்கள்: 7 மணிக்குக் கடையிலேயே இரண்டு இட்லி, வீட்டுக்கு வந்து கொஞ்சமாக ஏதாவது.

சூட்டைப் பற்றி நம் ஊரில் பேசாமல் இருக்க முடியாது. தூங்குவதற்கு உடம்பின் உள்சூடு இறங்க வேண்டும். கை கால் வழியாகத்தான் அது வெளியேறுகிறது. படுப்பதற்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் குளித்தால் தோலுக்கு ரத்தம் வந்து உள்சூடு சீக்கிரம் இறங்கும். சித்திரை, வைகாசியில் வெந்நீர் என்றால் அடிக்க வருவீர்கள். அப்போது தொட்டித் தண்ணீரே போதுமான சூட்டில்தான் இருக்கும். கான்கிரீட் கூரைக்குக் கீழே படுக்கிறவர்களுக்குப் பகல் முழுக்க வாங்கிய வெயில் ராத்திரி 11, 12 மணி வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பதும், கோடைக்கு முன்னால் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும் உண்மையிலேயே வித்தியாசம் காட்டும். தடித்த ஃபோம் மெத்தை முதுகுச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன்மேல் ஒரு கோரைப் பாய் விரித்துப் பாருங்கள்.

படுத்ததும் கடை ஞாபகம் ஓடுகிறது என்றால், கடையை அடைக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து நாளைக்குச் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். யாருக்கு பில் அனுப்ப வேண்டும், என்ன சரக்குச் சொல்ல வேண்டும் என்று விவரமாக. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்து இதைச் சோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். சின்ன ஆய்வுதான். ஆனால் செலவில்லாத வேலை, செய்து பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்னால் மனைவியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “நான் குறட்டை விடுகிறேனா? நடுவில் மூச்சு நின்று, திணறி எழுகிறேனா?” ஆமாம் என்றால் மேலே சொன்ன எதையும் ஆரம்பிக்காதீர்கள். நேராக மருத்துவரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை செய்யுங்கள். தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தால் பழக்கத்தை மாற்றி மட்டும் சரியாகாது, ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும். அதற்கு மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுக்கும் சிபேப் கருவி 1981-லிருந்தே இருக்கிறது, நன்றாக வேலை செய்கிறது. படுத்தால் காலுக்குள் பூச்சி ஊர்வது போல இருந்து, அசைத்தால்தான் நிம்மதி என்றால் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம், ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். ராத்திரி மூன்று நாலு தடவை சிறுநீருக்கு எழுந்தால் சர்க்கரை பாருங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், விடிகாலையிலேயே முழித்து மனசு பாரமாகக் கிடந்தால் அது மனச்சோர்வு (டிப்ரஷன்) நோயாக இருக்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மாத்திரையை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. துக்கம், ஆபரேஷன் மாதிரி நேரத்தில் சில நாட்களுக்கு அது உதவும். ஆனால் நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை நான் மேலே சொன்ன முறைகள் அடங்கிய பயிற்சிதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகளைப் பல மாதமாகச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக் கொடுத்தவரிடமே போய், வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு தூங்கினால் போதும் என்றும் கேட்டிருந்தீர்கள். பெரியவர்களுக்கு 7 மணி நேரமாவது வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. உங்கள் நாலரையிலிருந்து அங்கே போய்ச் சேர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். நடுவில் ஒரு ராத்திரி மொத்தமாகக் கெட்டுப்போகும், அது எல்லோருக்கும் நடக்கும். மறுநாள் அதை ஈடுகட்ட 9 மணிக்கே படுக்கப் போகாதீர்கள், கடையின் உள்ளறைக்கும் போகாதீர்கள். 6 மணிக்கு எழுந்து மாடிக்குப் போங்கள். அன்று ராத்திரிக்கான தூக்கப் பசி அப்போதிருந்தே சேரத் தொடங்கிவிடும். காலண்டர் தாள்களை மட்டும் தூக்கிப் போடாமல் வையுங்கள், நாலு வாரம் கழித்து அவற்றில் இருப்பதை எழுதி அனுப்பினால் அடுத்த 15 நிமிடத்தை எப்போது கூட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.